அப்பாவின் எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் வெள்ளை: கான்ட்ராஸ்ட் சி.டி. எடுக்கலாமா?

பென்னாகரத்துப் பையன் (திங்கள், இரவு 9.20)

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு வயது 67, விவசாயம். பல வருடமாக முதுகு வலி. இப்போது இரண்டு காலும் மரத்துப்போகிறது என்கிறார். நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதுகூட அவருக்குத் தெரிவதில்லை. அதனால் இங்கே அழைத்து வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினேன்.

இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், "எலும்பு எல்லாமே வழக்கத்தைவிட வெள்ளையா இருக்கு. இந்த வயசுல புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினா இப்படி வரலாம். வயிறும் இடுப்பும் சேர்த்துக் கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் போடுகிறார். கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையில் 1.6. கான்ட்ராஸ்ட் ஊசி (உள்ளுறுப்பு படத்தில் பளிச்சென்று தெரிய ரத்தத்தில் ஏற்றும் அயோடின் மருந்து) கிட்னியைக் கெடுத்துவிடும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அப்பாவுக்கு நண்டு சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயோடின் ஊசி ஆகாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எடுக்கலாமா வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டார்க்ரூம் (திங்கள், இரவு 10.05)

தம்பி, பதற வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எக்ஸ்ரே அறையிலேயே வேலைக்காலம் முழுவதும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை, அதனால் நோய் இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

அப்பா சின்ன வயதிலிருந்து எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார்? முன்பல்லில் பழுப்புக் கோடோ திட்டோ உண்டா? கழுத்தை மட்டும் தனியாகத் திருப்ப முடிகிறதா? தரையில் உட்கார்ந்தால் எப்படி எழுகிறார்? பெங்களூர் டாக்டர் இதையெல்லாம் கேட்டாரா?

பென்னாகரத்துப் பையன் (திங்கள், இரவு 10.30)

ஊர் பெயர் கேட்டார் ஐயா, தண்ணீரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வரும்வரை எங்கள் ஊரில் கிணறும் போரும்தான். அப்பாவின் பல் முழுக்கப் பழுப்பு. பெரியப்பா, அத்தை எல்லோருக்கும் அப்படித்தான், வெற்றிலைக் கறை என்றே நினைத்திருந்தேன். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார், உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். தரையிலிருந்து எழ வேண்டுமென்றால் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொள்வார்.

டார்க்ரூம் (திங்கள், இரவு 11.40)

நான் நினைத்தது இதைத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அடியில் இருக்கும் பாறையிலிருந்து கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டுத் தர அளவுகோல் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லும் பிறகு எலும்பும் பாதிக்கப்படும், அதற்குத்தான் ஃப்ளோரோசிஸ் என்று பெயர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' என்று இருப்பது இதனால்தான். ஜப்பான் கடனுதவியோடு வந்த அந்தத் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் அப்பாவின் எலும்பு அதற்கு முன்பே ஐம்பது வருடத்துக்கு மேல் போர்த் தண்ணீரைப் பார்த்துவிட்டது.

பல் கறை விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ளோரைடுக் கறை, பல் உருவாகும் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரால் வருவது. ஒருவர் பால்ய காலத்தில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார் என்பது அந்தப் பல்லில் பதிந்திருக்கும். வெற்றிலைக் கறையைத் தேய்த்தால் போகும், இது போகாது.

இனி எக்ஸ்ரே. கதிர் உடம்புக்குள் போகும்போது எடை கூடிய அணு இருக்கும் இடத்தில் அதிகம் தடைபடும். சதையில் பெரும்பாலும் ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், எல்லாம் லேசான அணுக்கள். எலும்பில் கால்சியம், அதன் அணு எண் 20. அதனால்தான் எலும்பு வெள்ளையாக விழுகிறது. ஃப்ளோரைடு இதில் என்ன செய்கிறது என்றால், எலும்புச் செல்லைத் தூண்டிக் கூடுதலாக எலும்பு போட வைக்கிறது. படத்தை வெளுக்க வைப்பது ஃப்ளோரின் அணு இல்லை, அதன் எண் 9தான். கூடுதலாகச் சேர்ந்த சுண்ணாம்புச் சத்துதான் வெளுக்க வைக்கிறது. எலும்பு கெட்டியானாலும் உறுதி கூடாது. தசைநாரிலும் சவ்விலும்கூடச் சுண்ணாம்பு ஏறிவிடும். கழுத்தும் முதுகும் வளையாமல் போவது அதனால்தான்.

ஃபிலிம் காலத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பெரியவர்கள் வந்தால் மற்றவர்களுக்கு வைக்கும் அதே கேவியில் (கதிரின் ஊடுருவும் பலத்தை வைக்கும் மின்னழுத்தம்) இடுப்பெலும்பு எடுத்துப் பயனில்லை. டெவலப்பரில் போட்டு எடுத்தால் முதுகெலும்பு கட்டை கட்டையாக வெள்ளையடித்து நிற்கும், உள்ளே ஒரு கோடும் தெரியாது. கேவியை ஒரு படி ஏற்றி மறுபடி எடுப்போம். இப்போது டிஜிட்டல் வந்த பிறகு கருவி தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுகிறது, அதனால் வெண்மையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

உறுதியாகப் பார்க்க வேண்டிய இடம் முன்கை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்பு ஓடுகிறது, அவற்றுக்கு இடையில் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு சாதாரணமாக எக்ஸ்ரேயில் தெரியாது. ஃப்ளோரோசிஸ் உள்ளவருக்கு அதில் சுண்ணாம்பு ஏறி, இரண்டு எலும்பின் உள்ளோரத்திலும் வேலிமுள் மாதிரி எழும்பி நிற்கும். புராஸ்டேட் புற்றுநோய் பரவினால் எலும்பு வெளுக்கும், ஆனால் சவ்வில் இப்படி முள் வராது. முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். அதற்கு ஊசியும் வேண்டாம், கான்ட்ராஸ்டும் வேண்டாம்.

பாலக்கோடு தக்காளி (செவ்வாய், காலை 6.50)

பெரியவரே, நீங்கள் எழுதியதில் தவறு கண்டுபிடிக்கும் அறிவு எனக்கில்லை. ஆனால் எனக்கு ஒரு பயம். என் மாமனாருக்கு இதே போலத்தான், "நம்ம ஊர்த் தண்ணி, வாதம்" என்று சொல்லிச் சொல்லி நாளைத் தள்ளினார்கள். கடைசியில் உண்மையிலேயே புற்றுநோயாக இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனையை இங்கே நாம் வேண்டாம் என்று சொல்வது பெரிய பொறுப்பு. ஃப்ளோரோசிஸ் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று ஏதாவது விதி உண்டா?

டார்க்ரூம் (செவ்வாய், காலை 7.30)

சரியான கேள்வி. அப்படி விதி எதுவும் இல்லை, ஒருவருக்கு இரண்டுமே இருக்கலாம். பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. புற்றுநோயா என்று பார்க்க முதலில் செய்ய வேண்டியது பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, விரலை விட்டு புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பது. பி.எஸ்.ஏ. 4 வரை இயல்பு என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். புராஸ்டேட் வீங்கினாலும், சிறுநீரில் தொற்று இருந்தாலும் அது ஏறும் என்பதால் அதையும் டாக்டர்தான் படிக்க வேண்டும். முன்கை எக்ஸ்ரே, பி.எஸ்.ஏ. இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிடலாம், நாள் தள்ளிப்போகாது. அந்த முடிவுகளோடு அதே டாக்டரிடம் போய், இன்ன ஊர், இன்ன தண்ணீர் என்று சொல்லட்டும். ஃப்ளோரோசிஸ் இல்லாத ஊரில் படித்து வேலை பார்க்கும் டாக்டருக்கு வெளுத்த எலும்பைக் கண்டதும் புற்றுநோய் நினைவுக்கு வருவது இயல்பு. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

நம் மாகாணத்துக்கு இது புதிதும் இல்லை. எலும்பு ஃப்ளோரோசிஸை இந்தியாவில் முதலில் எழுதி வைத்தது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து விவசாயிகளைப் பார்த்துத்தான்.

சேலம் ரோடு சிஸ்டர் (செவ்வாய், பிற்பகல் 2.15)

நைட் ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் சி.டி. அறையில் வேலை செய்யும் நர்ஸ். டார்க்ரூம் ஐயா எலும்பைச் சொல்லிவிட்டார், நான் ஊசியைச் சொல்கிறேன். இந்தப் பயத்தோடு தினமும் எங்கள் அறை வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது நண்டின் சதையில் உள்ள ஒரு புரதத்தால். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாம் தினமும் சாப்பிடும் உப்பிலேயே அயோடின் இருக்கிறது, அதற்கு யாருக்கும் உடம்பு தடிப்பதில்லை. நாங்கள் முக்கியமாகக் கேட்பது, "இதுக்கு முன்னாடி கான்ட்ராஸ்ட் ஊசி போட்டிருக்கீங்களா, அப்போ ஏதாவது ஆச்சா?" என்றுதான். முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனவருக்குத்தான் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆஸ்துமா இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத் தயார் செய்வதும் உண்டு, மருந்தை மாற்றுவதும் உண்டு.

அடுத்தது கிட்னி. கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்க்காமல் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம்) என்று ஒன்று கணக்குப் போடுவார்கள். 67 வயது ஆணுக்கு 1.6 என்றால் அது 47 பக்கம் வரும். ரொம்பக் கவலைப்பட வேண்டியது 30-க்குக் கீழே போனால், அல்லது கிட்னி திடீரென்று பழுதாகிக்கொண்டிருந்தால். கான்ட்ராஸ்டால் கிட்னி கெடும் என்ற பயம் முன்பு தேவைக்கு மேல் இருந்தது என்று அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்கள் அமைப்பும் சிறுநீரக அமைப்பும் சேர்ந்து 2020-ல் சொல்லியிருக்கின்றன. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவதில்லை. வாந்தி பேதியாகி உடம்பு வறண்டு வந்தவருக்கும், வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போடுகிறவருக்கும் ஆபத்து கூடுதல். முதுகு வலிக்கு அப்பா மெடிக்கல் ஷாப்பில் என்ன வாங்கிப் போடுகிறார் என்று முதலில் கேளுங்கள். என் கணிப்பில், நம் பக்கத்துப் பெரியவர்களின் கிட்னியைக் கான்ட்ராஸ்டைவிட அந்த மாத்திரைதான் அதிகம் கெடுக்கிறது.

மெட்ஃபார்மின் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஊசிக்குப் பிறகு கிட்னி சுணங்கினால் அது உடம்பில் தேங்கிவிடும், அதனால் பல இடங்களில் 48 மணி நேரம் நிறுத்தி, கிரியேட்டினின் பார்த்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் உள்ள எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை என்பது இப்போதைய கருத்து. எழுதிக் கொடுக்கும் டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

ஊசி எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் அதிலேயே போய்விடும். முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் செருகும் சின்ன பிளாஸ்டிக் குழாய்) போடுவோம். வயிறு சி.டி. என்றால் 80 முதல் 100 மில்லி வரை மருந்து, கருவியே தள்ளும். மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து கீழ்வரைக்கும் ஒரு சூடு இறங்கும், நாக்கில் உலோகச் சுவை தட்டும். அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று தோன்றும். பெரியவர்கள் பலர் கூச்சத்தில் வேட்டியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எதுவும் ஆகியிருக்காது, அது மருந்தின் சூடுதான், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். கை வலித்தாலோ ஊசி போட்ட இடம் வீங்கினாலோ உடனே கத்திச் சொல்ல வேண்டும், மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே இறங்குகிறது என்று அர்த்தம். அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் அதற்கான மருந்து அறைக்குள்ளேயே தயாராக இருக்கும். கடுமையானால் தொடையில் அட்ரினலின் போடுவோம். அதனால்தான் ஊசிக்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம். "பஸ் போயிடும் சிஸ்டர்" என்று சொல்லி எழுந்து போகாதீர்கள்.

ஓசூர் ஷிப்ட் (செவ்வாய், மாலை 6.10)

அருமையான இழை. ஒரு சந்தேகம். ஏன் அயோடினை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? எடை கூடிய அணு என்றால் ஈயம், தங்கம் எல்லாம் இருக்கிறதே. என் அக்கா எக்ஸ்ரே எடுக்கப் பேரியம் குடித்தார், அது வேறா?

காவேரிப்பட்டணம் கலா (செவ்வாய், மாலை 6.45)

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். அம்மாவுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காமல் நின்றது, களியை உருட்டி விழுங்கினால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது என்றார். பேரியம் ஸ்வாலோ (பேரியத்தை விழுங்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். "பேரியம் எலி மருந்துல போடுறதாச்சே, அதையா குடிக்கக் கொடுத்தாங்க?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

டார்க்ரூம் (செவ்வாய், இரவு 8.50)

கலா அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. எலி மருந்தில் இருந்தது பேரியம் கார்பனேட். அது வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறி ஆளைக் கொல்லும். எக்ஸ்ரேக்குக் கொடுப்பது பேரியம் சல்ஃபேட். அது தண்ணீரிலும் கரையாது, அமிலத்திலும் கரையாது. உணவுக்குழாய் சுவரில் ஒட்டிக்கொண்டு போய், வந்தபடியே மலத்தில் வெளியேறிவிடும். ரத்தத்தில் கலக்காததுதான் அதன் பாதுகாப்பு. ஜெர்மனியில் 1910 வாக்கில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், அதற்கு முன் பிஸ்மத் உப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வேற்றுமை தெரிந்தவர்கள்தான் அந்தப் பொடியைக் கையாள வேண்டும் என்பதில் எங்கள் மேலதிகாரி ரொம்பக் கண்டிப்பு. டப்பாவின் லேபிளை உரக்கப் படித்துவிட்டுத்தான் தண்ணீரில் கலக்க விடுவார். பேரியம் குடித்தவர்கள் அன்றும் மறுநாளும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மலம் வெள்ளையாகப் போகும், இறுகிக்கொள்ளவும் செய்யும். குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் பேரியம் கொடுக்கவே கூடாது. வயிற்றுக்குள் கசிந்தால் வெளியே எடுக்க முடியாத வினை. அங்கே தண்ணீரில் கரையும் அயோடின் மருந்துதான்.

ஓசூர் தம்பிக்கு: பேரியத்தின் அணு எண் 56, அயோடினுடையது 53, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எக்ஸ்ரே ஆற்றல் 33 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும் இடத்தில் அயோடின் கதிரைப் பிடிப்பது திடீரென்று பல மடங்கு கூடுகிறது. நாம் படமெடுக்கும் கதிரில் பெரும்பகுதி அதற்குச் சற்று மேலேயே இருக்கிறது, அதனால் ரத்தக் குழாய் பளிச்சென்று விழுகிறது. ஈயமும் கதிரை மறைக்கும்தான், ஆனால் அதை நரம்பில் ஏற்ற முடியாது. அயோடினை ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று மூன்றாகக் கட்டிப்போட்டு, தண்ணீரில் கரைகிற, உடம்போடு எதிலும் சேராத மருந்தாகச் செய்ய முடிந்தது. கிட்னி நன்றாக இருந்தால் ஒரு நாளில் அநேகமாக எல்லாம் சிறுநீரில் போய்விடும்.

உடம்பில் தங்கிவிடும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தோரோட்ராஸ்ட் சாட்சி. 1930-களில் வந்தது, தோரியம் ஆக்சைடு. படம் அவ்வளவு அழகாக வரும், அந்த நேரத்தில் யாருக்கும் ஒவ்வாமையும் இல்லை. ஆனால் தோரியம் ஈரலிலேயே தங்கி, வாழ்நாள் முழுக்க ஆல்ஃபா கதிர் வீசிக்கொண்டிருந்தது. இருபது முப்பது வருடம் கழித்து ஈரல் புற்றுநோய் வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, ஒரு மருந்து படத்தில் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பதைவிட அது எப்படி வெளியே போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சேலம் ரோடு சிஸ்டர் (செவ்வாய், இரவு 9.30)

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய அயோடின் மருந்து ரத்தத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல் அடர்த்தியான உப்புக் கரைசலாக இருந்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் ஊசி போட்டவர்கள் அவ்வளவு வலி, வாந்தி என்று சொல்வார்கள். சுவீடனில் டோர்ஸ்டென் ஆல்மேன் என்ற மருத்துவர் கடலில் நீந்தும்போது, உப்பு அதிகமான கடலில் கண் எரிகிறது, உப்பு குறைந்த பால்டிக்கில் எரியவில்லை என்பதைக் கவனித்தார். ரத்தக் குழாயிலும் அதே எரிச்சல்தானே என்று யோசித்து, 1960-களின் கடைசியில் அயனியாகப் பிரியாத, அடர்த்தி குறைந்த மருந்துக்கு வழி சொன்னார். இப்போது பரவலாகப் போடும் ஐயோஹெக்சால் அந்த வழியில் வந்ததுதான். ஜப்பானில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்து 1990-ல் வெளியான ஆய்வில், கடுமையான ஒவ்வாமை பழைய மருந்தில் 10,000 பேருக்கு 22, புதிய மருந்தில் 4. சித்தப்பா கேட்ட கதைகள் பழைய மருந்துக் காலத்தவையாக இருக்கலாம். அவரிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி, வயதில் பெரியவர், மரியாதையாகச் சொன்னால் கேட்பார்.

ஓசூர் ஷிப்ட் (செவ்வாய், இரவு 9.50)

ரொம்ப நன்றி. கதிர்வீச்சு அளவு?

சேலம் ரோடு சிஸ்டர் (செவ்வாய், இரவு 10.05)

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கிவிடும். வயிறு சி.டி. எட்டு, பத்து வரை போகும். இயற்கையிலேயே வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 நம் மேல் படுகிறது. தேவைக்கு எடுத்தால் பயமில்லை, தேவையில்லாமல் எடுத்தால் ஒரு படம்கூட அதிகம். கிட்னிக் கல்லுக்கு ஊசியில்லாத சி.டி.யே போதும், கல் தானாகவே தெரியும். அதற்குப் போய், "கான்ட்ராஸ்ட் போட்டு நல்லாப் பாருங்க" என்று சொந்தக்காரர்களே வற்புறுத்துவதையும் பார்க்கிறேன்.

பென்னாகரத்துப் பையன் (சனி, மாலை 4.40)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பி.எஸ்.ஏ. 1.8. முன்கை எக்ஸ்ரே எடுத்தோம். ஐயா எழுதியது அப்படியே இருந்தது, இரண்டு எலும்புக்கும் நடுவே முள் முள்ளாக. படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார்கள், எனக்கே தெரிந்தது. அதே டாக்டரிடம் கொண்டு போனேன். ஊர்த் தண்ணீர், பல், கழுத்து எல்லாம் சொன்னேன். அவர் உட்கார வைத்து முழுக்கக் கேட்டார், புராஸ்டேட்டையும் பரிசோதித்துவிட்டார். "ஃப்ளோரோசிஸ்தான் முதல்ல யோசிக்க வேண்டியது, நீங்க இதைச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். கான்ட்ராஸ்ட் சி.டி. இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து பி.எஸ்.ஏ. மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கால் மரத்துப்போவதை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகெலும்பின் உள்ளே தசைநார் தடித்துச் சுண்ணாம்பு ஏறித் தண்டுவடத்தை அழுத்தலாம், அதனால் கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ. கழுத்துக்கும் முதுகுக்கும் எடுங்கள் என்றார். திங்கட்கிழமை தேதி கிடைத்திருக்கிறது. வலி மாத்திரை விஷயத்தில் சிஸ்டர் சொன்னது உண்மை, அப்பா தினமும் இரண்டு போட்டிருக்கிறார். நிறுத்தியாகிவிட்டது.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "தண்ணியா இப்படிப் பண்ணுச்சு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்வி. ஒகேனக்கல் தண்ணீர் வந்தும் ஏன் அப்பாவுக்குப் பாதிப்பு ஏறிக்கொண்டே போகிறது? காய்ச்சித்தானே குடிக்கிறோம்?

டார்க்ரூம் (சனி, இரவு 7.15)

நல்ல செய்தி தம்பி. எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள். தண்டுவடம் ரொம்ப நாள் அழுந்திக் கிடந்தால் கால் பலம் போய்விடும், பிறகு அறுவை செய்தாலும் முழுதாகத் திரும்புவது கடினம். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ நடை திடீரென்று மோசமானாலோ திங்கள்வரை காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும். சாதாரண கேண்டில் ஃபில்டரிலும் போகாது. ஆர்.ஓ. எடுக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா போட்ட வடிகட்டி எடுக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையும் உண்டு.

பலரும் கவனிக்காத ஒன்று சமையல். ஒகேனக்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, களி கிண்டவும் குழம்பு வைக்கவும் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். களி நிறையத் தண்ணீரை இழுக்கும், அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகிறது. காட்டில் வேலை செய்யும்போது மோட்டார் குழாயில் வாய் வைத்துக் குடிப்பதும் அதே கணக்கு. கடுந்தேநீரிலும் ஃப்ளோரைடு உண்டு, அப்பா நாளுக்கு எத்தனை டம்ளர் என்று பாருங்கள். கிட்னி மந்தமாக இருப்பவர்களுக்கு ஃப்ளோரைடு வெளியேறுவதும் குறைவு, உங்கள் அப்பாவுக்கு அதுவும் சேர்ந்திருக்கிறது. போர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவைப் பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

பாலக்கோடு தக்காளி (சனி, இரவு 8.00)

பெரியவரே, அன்று கொஞ்சம் வேகமாகக் கேட்டேன், நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். என் அம்மாவுக்கும் பல் அப்படித்தான், கையைத் தலைக்கு மேல் தூக்கி முடி சீவ முடியவில்லை என்கிறார். தர்மபுரிக்கு அழைத்துப் போனால் டாக்டரிடம் எக்ஸ்ரேக்கு என்னவென்று கேட்பது?

டார்க்ரூம் (சனி, இரவு 8.20)

முன்கை, ஏ.பி. (நேராக ஒன்று), லேட்டரல் (பக்கவாட்டில் ஒன்று), முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து விழும்படி. கூடவே இடுப்பெலும்பு ஒன்று. ஃப்ளோரோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள், படம் எடுப்பவர் அதற்கேற்ற கேவி வைப்பார். அம்மா எந்த ஊரில் பிறந்தார், கல்யாணமாகி எந்த ஊருக்கு வந்தார், இரண்டு ஊரிலும் எந்தத் தண்ணீர் என்பதையும் அதே சீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். வளையலை வீட்டிலேயே கழற்றிவிட்டு வரட்டும்.